சாயப்பட்டறைச் சுவரில் நாங்கள் மாட்டிய பலகைகள்

திருப்பூரை அடுத்த ஒரு சாயப்பட்டறையில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்தபோது, எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, சுவர்களில் இருந்த எச்சரிக்கைப் பலகைகளை எண்ணிப் பட்டியல் போடுவது. அப்போது நடப்பில் இருந்த 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 1000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளே பொதுவாகப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டியிருந்தது. எங்களிடம் 300 பேர்கூட இல்லை. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் கேட்டார்கள் என்பதற்காக உருவான பதவி அது. பலகைகளில் பெரும்பாலானவையும் அப்படி உருவானவைதான். தணிக்கைக்கு முந்தைய வாரம் ஏ4 தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்டு, லேமினேட் செய்து, இருபக்க டேப்பால் ஒட்டப்பட்டவை. எண்ணி முடித்தபோது 143 இருந்தன. இத்தனை இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நிம்மதி ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில் கலைந்தது. சாயத் தொழிலில் சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் வெள்ளைத் தூள் அன்றாடம் புழங்குவது. பட்டறையில் அதற்கு 'ஹைட்ரோஸ்' என்று பெயர். தவறிப்போன நிறத்தை உரித்தெடுக்கவும், பாலியெஸ்டர் துணியின் மேல் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தைக் கழுவவும் அதைப் பயன்படுத்துவார்கள். 50 கிலோ இரும்பு டிரம்மில் வரும். பீகாரிலிருந்து வந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஓர் இளைஞர், முந்தைய ஷிப்டில் அழுக்காகிக் கிடந்த அள்ளும் கரண்டியைப் பொறுப்பாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட அந்த டிரம்முக்குள் விட்டிருக்கிறார். சிறிது நேரத்தில் தூள் சூடேறிப் புகைந்தது. தீக்குச்சியை உரசினால் வருமே, அந்த நெடி அறை முழுவதும் பரவியது. அவர் பதறிப்போய் ஒரு ஜக் தண்ணீரை ஊற்றினார், புகை இரட்டித்தது. இன்னொருவர் "தீ" என்று எழுதியிருந்த சிவப்பு வாளியிலிருந்து மணலைக் கொட்டினார், அதனாலும் அடங்கவில்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஷிப்ட் இன்சார்ஜ் ஓடிவந்து எல்லோரையும் வெளியேற்றினார். பிறகு முகமூடியும் கையுறையும் அணிந்த இருவர் டிரம்மைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெளிமுற்றத்துக்குக் கொண்டுபோய், தீயணைப்புக் குழாயைத் திறந்து, வெள்ளமாய்த் தண்ணீரைப் பாய்ச்சிய பிறகே அது ஓய்ந்தது. இருமல் நிற்காத ஒருவர் மட்டும் ஓர் இரவு மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் அந்த இளைஞரை உட்காரவைத்துப் பேசினேன். திட்டப்போகிறேன் என்று நினைத்துக் குனிந்தே இருந்தார். பிறகு, "சார், டிரம்மில் நெருப்புப் படம் இருந்தது. பீடி, தீப்பெட்டி எல்லாம் ரூமிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன். தண்ணீர் நெருப்பை அணைக்கத்தானே செய்யும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரத்துக்குள் கருப்பு நெருப்புச் சின்னம் டிரம்மில் ஒட்டியிருந்தது உண்மை. உலகெங்கும் ஒரே மாதிரி வழங்கும் வேதிப்பொருள் சின்னங்களில் அதுவும் ஒன்று. பெட்ரோலுக்கும் அதே படம், தானாகவே சூடேறும் ஹைட்ரோஸுக்கும் அதே படம். படத்தைப் பார்த்தவர் அதற்கு முழுமையாகக் கீழ்ப்படிந்து தீயைத் தள்ளி வைத்திருக்கிறார். ஈரம் படக் கூடாது என்ற செய்தி அதற்கு மேலே சுவரில், ஆங்கிலத்தில், என் 143 பலகைகளில் ஒன்றாக இருந்தது.

உடனே ஒரு புதுப் பலகை வாங்கி மாட்டிவிடலாம் என்று விலைப்பட்டியலைப் புரட்டினேன். வாளியிலிருந்து தண்ணீர் தீயின் மேல் விழுவதுபோல் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு இட்ட வட்டம், "தண்ணீரால் அணைக்கக் கூடாது" என்று பொருள்படுவது, அளவுக்கேற்ற விலையில் தயாராக இருந்தது. வாங்கியிருந்தால் இரண்டாவது தவற்றைச் செய்திருப்பேன். பொருளை விற்றவர் தந்த பாதுகாப்புத் தரவுத் தாளையும் அவசரகாலக் கையேட்டையும் முதன்முறையாக வரி வரியாகப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது: ஹைட்ரோஸுக்குச் சிறிதளவு ஈரம்தான் பகை. எரியத் தொடங்கிய பின் அதை மூடி அமுக்கி அணைக்க முடியாது, ஏனென்றால் அது எரிவதற்கு வெளிக்காற்றை நம்பியிருக்கவில்லை. மணல் வாளி பயன்படாமல் போனதும் அதனால்தான். ஏராளமான தண்ணீரால் முழுக்காட்டினால் மட்டுமே வினை நிற்கும். ஆக, இருப்பு வைக்கும்போது சரியான எச்சரிக்கையாக இருப்பது, தீப்பிடித்தபின் தவறான கட்டளையாக மாறிவிடுகிறது. கடையில் கிடைக்கும் படத்தைப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுக்காமல், பொருளின் தரவுத் தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன். கடைக்காரருக்கு ஹைட்ரோஸும் தெரியாது, எங்கள் அறையும் தெரியாது.

பலகைக்கு முன்னால் செய்ய வேண்டியவை வேறு இருந்தன. எப்போதும் தரை நனைந்திருக்கும் சாயம் கலக்கும் இடத்திலிருந்து ஹைட்ரோஸை அப்புறப்படுத்தி, குழாயே இல்லாத, தரை உயர்ந்த ஓர் அறைக்கு மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு டிரம் மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்றும், அதற்கென்று உள்ள கரண்டி அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் ஏற்பாடு செய்தோம். இவற்றைச் செய்யாமல் பலகையை மட்டும் மாட்டுவது, கூரை ஒழுகும் வீட்டில் "மழையில் நனையாதீர்" என்று எழுதி வைப்பதற்குச் சமம். இதெல்லாம் முடிந்த பிறகு டிரம் மூடியின் உயரத்தில், அதாவது கை போகும் இடத்துக்கு நேரே, நீர் சொட்டும் கரண்டியை வரைந்து குறுக்கே கோடிட்ட பலகை ஒன்றை வைத்தோம். கதவருகே இன்னொன்று: "புகை வந்தால் தொடாதே, வெளியே வா, இன்சார்ஜைக் கூப்பிடு." தண்ணீர் பாய்ச்சுவது பயிற்சி பெற்ற நான்கு பேரின் வேலை என்பதால் அதைப் பலகையில் எழுதவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்ல முயலும் பலகையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

வண்ணமும் வடிவமும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்தியாவில் இதற்கு ஐஎஸ் 9457 என்ற தரநிலை இருக்கிறது. படங்களுக்கு ஐஎஸ்ஓ 7010 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. சிவப்பு வட்டமும் இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் குறுக்குக் கோடும் தடை. நீல வட்டத்துக்குள் வெள்ளைப் படம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது. கருப்பு விளிம்பிட்ட மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, பச்சைச் சதுரமோ செவ்வகமோ வெளியேறும் வழியும் முதலுதவியும், சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவி இருக்கும் இடம். இவ்வளவுதான் இலக்கணம். ஆனால் ஊரில் ஃப்ளெக்ஸ் அடித்துத் தருபவருக்கு அழகுதான் முக்கியம். "சார், எல்லாமே மஞ்சளாக இருக்கிறது, கொஞ்சம் கலர் மாற்றித் தரவா?" என்று கேட்டு, அமிலம் பற்றிய எச்சரிக்கையைப் பச்சைப் பின்னணியில் அச்சிட்டுத் தந்தார் ஒருவர். படிக்கத் தெரியாதவர் நிறத்தைத்தான் படிக்கிறார். பச்சையைக் கண்டால் பாதுகாப்பான இடம் என்று நம்பி அருகில் வருவார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

படங்கள் உண்மையில் புரிகின்றனவா என்று அறிய, தேநீர் இடைவேளைகளில் பன்னிரண்டு படங்களை எடுத்துப்போய் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டே கேள்விகள் கேட்டேன்: இது என்ன, இதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விதான் உயிரானது. முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பலர் இரண்டாவதில் தடுமாறினார்கள். அவசரத்தில் கூடும் இடத்தைக் குறிக்கும் பச்சைப் பலகையில், நான்கு மூலையிலிருந்தும் அம்புகள் நடுவில் நிற்கும் மனிதர்களை நோக்கி வரும். அதைப் பார்த்த ஓர் அம்மா, "நாலா பக்கமும் நெருக்கித் தள்ளுவார்கள், அங்கே போகாதே என்கிறது" என்றார். காதுக்கவசம் அணிந்த தலையைப் பார்த்த இரண்டு பேர், இந்த இடத்தில் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கலாம் போலிருக்கிறது என்றார்கள். கண் கழுவும் கருவிக்கான படத்தை முகம் கழுவும் இடம் என்று எடுத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் அங்கேதான் பலர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. (அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. வாரம் ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய அந்தக் கருவியில் எங்களிடம் மட்டும் தண்ணீர் ஒருநாளும் துருவேறி வந்ததில்லை.) படம் எல்லா மொழிக்கும் பொது என்று சொல்வதை நான் அதன்பின் நம்புவதில்லை. கற்றுக்கொடுத்தால் பொதுவாகும்.

மொழிச் சிக்கல் இதைவிடப் பெரிது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 108 ஆவது பிரிவு, சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றும், அவை தூய்மையாகவும் படிக்கும்படியும் பராமரிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் பட்டறையில் பெரும்பாலோர் என்பது பகல் ஷிப்டில் தமிழர்கள், இரவு ஷிப்டில் பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள். இந்தி போதும் என்று நினைத்து இந்தியில் அடிக்கக் கொடுத்தோம். ஹைட்ரோஸ் அறைக்கான பலகை வந்தவுடன், எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "பானீ ந டாலேன்", அதாவது தண்ணீர் ஊற்றாதீர் என்று இருக்க வேண்டிய இடத்தில், நடுவிலிருந்த அந்த ஒற்றை 'ந' விழுந்துபோய், தண்ணீர் ஊற்றுங்கள் என்று அச்சாகியிருந்தது. ஓர் எழுத்துதான். மாட்டியிருந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் அது தன் வேலையைக் காட்டியிருக்கும். அதன்பின் எந்த மொழிப் பலகையானாலும், அந்த மொழியைப் பேசும் இருவர் தனித்தனியாக உரக்க வாசித்துப் பொருள் சொன்ன பிறகே பணம் கொடுப்பது என்று வழக்கமாக்கிவிட்டோம். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் சிலருக்கு இந்தி பேசப் புரியும், எழுத்துப் புரியாது. அவர்களுக்காக ஒடியாவில் பலகை வைப்பதா என்று யோசித்து, கடைசியில் முக்கியமான ஆறு இடங்களில் மட்டும் வைத்தோம்.

தமிழிலும் கவனம் வேண்டும். "ஜாக்கிரதை", "எச்சரிக்கை" என்று மட்டும் எழுதிய பலகைகள் எங்களிடம் பதினேழு இருந்தன. எதற்கு ஜாக்கிரதை என்று ஒன்றிலும் இல்லை. "அங்கீகரிக்கப்படாத நபர்களுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது" என்ற மொழிபெயர்ப்புத் தமிழை விட, "பாய்லர் ஆட்கள் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது" என்பது பாய்லர் அறைக்குப் போதும். இன்னொன்று: எங்களிடம் துணியைப் பிழியும் இயந்திரத்துக்கு 'ஹைட்ரோ' என்று பெயர், தூளுக்கு 'ஹைட்ரோஸ்'. புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள் என்பதால், அறைப் பலகையில் பெயரோடு டிரம்மின் படத்தையும் சேர்த்தோம்.

பலகையின் அளவுக்கு ஒரு பழைய, எளிய கணக்கு இருக்கிறது. எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டுமோ, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, 2000 ஆல் வகுத்தால் பலகைக்கு வேண்டிய குறைந்தபட்சப் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 50 மீட்டருக்கு உட்பட்ட தூரங்களுக்கு இது பொருந்தும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் ஏ4 தாள்களின் சாயம் வெளுத்தது. ஒரு ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 0.062 சதுர மீட்டர். அது 11 மீட்டர் வரைக்குமே பயன்படும். துணி உலர்த்தும் கூடத்தின் மறுகோடியிலிருந்து வெளியேறும் கதவு 25 மீட்டர். அதற்கு 0.31 சதுர மீட்டர் வேண்டும், அதாவது பக்கத்துக்கு 56 சென்டிமீட்டர் உள்ள சதுரம். கூடவே அந்தக் கூடத்தில் நீராவி மூட்டமும் உண்டு என்பதால் இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாகவே செய்தோம்.

எங்கே மாட்டுவது என்பதில் நான் செய்த தவறுகளைச் சொல்வது உதவும். இரசாயன அறையின் கதவுப் பலகையின் மேலேயே எச்சரிக்கையை மாட்டினேன். நாள் முழுக்கக் கதவு திறந்து சுவரோடு ஒட்டிக்கிடந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. காஸ்டிக் சோடா என்னும் அரிக்கும் காரம் உள்ள தொட்டிக்கு மேலேயே "கண்ணாடி அணியவும்" என்று வைத்தேன். அதைப் படிக்கும்போது ஆள் ஏற்கெனவே தொட்டிக்கு முன்னால் நிற்கிறார், கண்ணாடியோ இருபது அடி பின்னால் அலமாரியில் இருக்கிறது. பலகையை அலமாரிக்கு மேலே மாற்றிய பிறகு அணிபவர்கள் எண்ணிக்கை கண்கூடாகக் கூடியது. பொருள்களைப் பொறுத்தவரை, நீராவி படும் இடத்தில் ஸ்டிக்கர் மூன்று மாதம் தாங்காது, வெயில் படும் இடத்தில் ஃப்ளெக்ஸில் சிவப்புதான் முதலில் வெளிறும். தடைப் பலகையில் சிவப்பு வெளிறினால் மிஞ்சுவது கருப்புப் படம் மட்டும். தடுக்கப்பட்ட செயலைச் செய்யச் சொல்லும் விளம்பரம்போல அது நிற்கும். வெளிமுற்றத்தில் அலுமினியத் தகட்டுக்கு மாறினோம். இருளில் ஒளிரும் பலகைகளை மின்வெட்டை நினைத்து வாங்கினோம். ஆனால் கிடங்கில் ஆள் வந்தால் மட்டுமே எரியும் விளக்கு இருந்ததால், ஒளியைச் சேமிக்க வழியின்றி, விளக்கு அணைந்தபோது அவையும் சேர்ந்து அணைந்தன.

கழிவுநீர்த் தொட்டி பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாயக்கழிவு தேங்கும் மூடிய தொட்டிகளில், சேறு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, எனவே நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் ஏறுவதில்லை. அவரைத் தூக்கப் போனவர், அவரைத் தூக்கப் போனவர் என்று அடுத்தடுத்து மயங்குவதுதான் இந்தத் தொட்டிகளின் கதையாக இருந்து வருகிறது. எங்கள் தொட்டி மேல் "நச்சு வாயு" என்ற மஞ்சள் முக்கோணம் முன்பே இருந்தது. ஆனால் கண்முன்னே உடன்வேலை செய்பவர் விழும்போது மனிதன் முக்கோணத்தைப் பார்ப்பதில்லை. அதனால் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடமும் கழிவுநீர்ப் பிரிவு இன்சார்ஜிடமும் மட்டும் வைத்தோம். காற்றைச் சோதித்து எழுத்து அனுமதி தராமல் பூட்டுத் திறக்காது. அதற்குப் பின்னும், பூட்டின் மேலேயே, கை வைக்கும் இடத்தில், எந்தப் படத்தாலும் சொல்ல முடியாத வாசகத்தைத் தமிழிலும் இந்தியிலும் பொறித்தோம்: "உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் நீங்கள் இறங்காதீர்கள். கத்துங்கள், 108-ஐ அழையுங்கள்." இதை எழுதுவதற்கு நிர்வாகத்தில் தயக்கம் இருந்தது, பார்க்க நன்றாக இல்லை, தொழிலாளர்கள் பயப்படுவார்கள் என்றார்கள். பயப்பட வேண்டிய இடம்தானே என்று வாதிட்டு வைத்தேன்.

இவை எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. முடிவில் 143 பலகைகள் 64 ஆகக் குறைந்திருந்தன. அகற்றிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் கையால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: எங்கே இருந்தது, யாருக்காக, இப்போது ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக என்ன செய்யப்பட்டது. அடுத்த தணிக்கைக்கு வந்தவர் முந்தைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, பலகைகள் பாதிக்கு மேல் காணவில்லையே என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தார். பிறகு அறிக்கையில் "பலகைகள் குறைவு" என்றே ஒரு குறை எழுதினார். நானும் கையெழுத்திட்டுவிட்டு, மறுவாரம் சேரவிருந்த புதிய ஆட்களுக்காக அந்தப் பன்னிரண்டு படங்களை எடுத்து வைத்தேன்.